கறுப்புக் கோட்டு ஆசை: வாசகர் கேள்விகள், வக்கீல் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பட்டா, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் எல்லாம் கொஞ்சம் ஒதுங்கிவிட்டன. பாதிக்கு மேல் சட்டக் கல்லூரிக் கேள்விகள். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். நிலத் தகராறுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வழக்கு எப்படியும் அடுத்த மாதமும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வணிகவியல் பிரிவு, 600-க்கு 431. வக்கீலுக்குப் படிக்கிறேன் என்றால், "இங்கிலீஷ் வராம அங்க போய் என்ன பண்ணப்போற" என்கிறார் மாமா. கணக்குப் பாடம் எடுக்காதவர்கள் சேர முடியாதா?
மாணவர், ஒட்டன்சத்திரம்

தம்பி, மாமா சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. சரியான பாதியைக் கடைசியில் சொல்கிறேன்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதமும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 40 சதவீதமும் இருந்தால் மனுப் போடத் தகுதி உண்டு, ஆனால் இடம் கிடைப்பது ரேங்க் பட்டியலைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. உங்களுடையது ஏறக்குறைய 72 சதவீதம், தைரியமாகப் போடலாம். அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 2021-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சட்டப் படிப்பும் உண்டு. மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து இதை விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறைய. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைத் தவறாமல் நிரப்புங்கள், தலைமையாசிரியரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கு மதுரையும் தேனியும் பக்கம். இரண்டிலும் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, கட்டணமும் பெரிதாக ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகமே சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்குத் தனி விண்ணப்பம், கட்டணம் கூடுதல், கட்-ஆஃபும் உயரம். சென்னைக்குத்தான் போவேன் என்று ஹைகோர்ட்டை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தை மனதில் வைத்திருந்தால் ஒரு தகவல்: 1891-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி 2018-லேயே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போய்விட்டது. இரண்டுமே நகரத்துக்கு நல்ல தூரம், ஹாஸ்டல் கணக்கையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மொழி. 1976-ல் ஆட்சிமொழிச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். பிராது (வழக்குத் தொடுக்கும் மனு), பதிலுரை, சாட்சியம், தீர்ப்பு எல்லாமே தமிழில் நடக்கலாம், பல ஊர்களில் நடக்கவும் செய்கிறது. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், நல்ல தமிழில் பிராது எழுதத் தெரிந்த ஜூனியர் கிடைக்காமல் சீனியர்கள் அலைகிறார்கள். கான்வென்ட்டில் படித்த பிள்ளைக்குக் கிரயப் பத்திரத்தில் வரும் "நான்கெல்லை", "தடப்பாத்தியம்", "சர்வ சுதந்திர பாத்தியதை" எல்லாம் வாயில் நுழைவதில்லை.

ஆனால் மாமாவின் சரியான பாதி இதுதான்: ஹைகோர்ட்டிலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலம், முன்தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலம். பேச வரவில்லை என்றால் சமாளிக்கலாம், படித்துப் புரிந்துகொள்ள வரவில்லை என்றால் கஷ்டம். முதல் வருடத்திலிருந்தே தினம் ஒரு தீர்ப்பில் ஒரு பக்கம், அகராதியோடு உட்கார்ந்து படியுங்கள். நானும் தமிழ் வழிதான். முதல் ஆறு மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதில் கால்வாசி புரியும். இன்று அதே வேகத்தில் படித்தால் என் குமாஸ்தா சிரிப்பார்.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கிளாட் கோச்சிங்குக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அந்தச் செலவு தேவைதானா?
வாசகர், திருப்பூர்

கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. நம் மாநிலத்தில் திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வழி. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, தப்புக்குக் கால் மதிப்பெண் போகும், முழுக்க ஆங்கிலம். நீளமான பத்திகளைக் கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, வேகமாகப் படிக்க வர வேண்டும். மகள் இப்போது ஆங்கிலப் பேப்பரைத் தானாக எடுத்துப் படிக்கிற பெண்ணா? ஆம் என்றால் பழைய வினாத்தாள்களும் நாலைந்து மாதிரித் தேர்வுகளுமே பெரிய உதவி. இல்லை என்றால் லட்சம் கொடுத்தாலும் அந்தப் பழக்கத்தைக் கோச்சிங்காரர் ஊட்டிவிட முடியாது.

கோச்சிங் செலவைவிடப் பெரிய செலவு பின்னால் இருக்கிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணமும் விடுதியும் சேர்ந்து வருடத்துக்கு லட்சக்கணக்கில் போகும், அப்படி ஐந்து வருடம். அவளுக்குக் கம்பெனி ஒப்பந்தங்கள், பெரிய சட்ட நிறுவனம், மும்பை, டெல்லி என்று ஆசை இருந்தால் அந்தப் பணத்துக்கு அர்த்தம் உண்டு, அந்த நிறுவனங்கள் ஆள் எடுக்க வருவது பெரும்பாலும் அங்கேதான். திருப்பூர் கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணத்தான் ஆசை என்றால் அரசு சட்டக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, மிச்சப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள். எதற்கு என்று கீழே சிதம்பரம் மாணவருக்கு எழுதிய பதிலில் புரியும்.

பி.எஸ்சி. முடித்து ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன், வயது 34. பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்றில் "வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று ஏஜென்ட் சொல்கிறார். சேரலாமா?
வாசகி, ஓசூர்

வேண்டாம்மா. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் தொழிலுக்கும் சட்டப் படிப்புக்கும் விதி வகுக்கிற பார் கவுன்சிலின் விதிப்படி சட்டப் படிப்பு முழு நேரப் படிப்பு. தபால் வழியில் கிடையாது, இரவுக் கல்லூரி கிடையாது. வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். ஓசூரில் பஞ்ச் வைத்த அதே நாளில் இன்னொரு ஊரில் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகச் சான்றிதழ் சொன்னால், அதை யாராவது எப்போதாவது சேர்த்துப் பார்ப்பார்கள். பதிவு செய்யும்போது பார்க்கலாம், பத்து வருடம் கழித்து ஏதோ ஒரு வழக்கின் எதிர்த்தரப்புக்காரர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டும் பார்க்கலாம். நம் தொழிலில் எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த மாதிரி இடங்களுக்குக் கோர்ட் வட்டாரத்தில் "லெட்டர்பேட் கல்லூரி" என்றே பெயர்.

பட்டம் முடித்தவர்களுக்கான மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு நம் ஊரில் வயது தடை இல்லை, அதனால் 34 ஒரு பிரச்சினையே இல்லை. சேமிப்பு வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வர முடிகிற வருடத்தில் சேருங்கள், தர்மபுரியிலும் சேலத்திலும் அரசு கல்லூரி இருக்கிறது. இன்னொன்று, உங்கள் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் மூன்றும் வரிசையாக முடித்தவைதானே? அடிப்படைப் படிப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களைச் சட்டப் படிப்பில் சேர்க்க மாட்டார்கள். இது தெரியாமல் மனுப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

எல்எல்.பி. கடைசி வருடம். ஜூனியராகச் சேர்ந்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? எல்லோரும் வேறு வேறு மாதிரி சொல்கிறார்கள்.
மாணவர், சிதம்பரம்

எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் எல்லாமே நடக்கிறது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு உதவித்தொகை தரச் சொல்லி, சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் தாலுகா கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணுகிற எத்தனையோ சீனியர்களுக்கே மாதாமாதம் நிலையாக அவ்வளவு வராது, அவர் உங்களுக்கு எங்கிருந்து கொடுப்பார்? கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

எனக்கு முதல் இரண்டு வருடம் சம்பளம் என்று ஒன்று இல்லவே இல்லை. பஸ் காசு, மதியச் சாப்பாடு, தீபாவளிக்கு ஒரு சேலை. வீட்டில் அண்ணன் சம்பாதித்தார், அதனால் ஓடியது. என்னோடு படித்த நாலைந்து பேர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், அப்படி ஓட்ட ஆள் இல்லாமல் ஒன்றரை வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் சட்டம் படிக்கலாமா என்று கேட்கிற எல்லோரிடமும் நான் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை, படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் உன் சாப்பாட்டுச் செலவை யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், தெரியும். திருப்பூர்க்காரரிடம் பணத்தைப் போட்டு வைக்கச் சொன்னதும் இதற்குத்தான்.

சீனியரைத் தேடும்போது அவர் பெயர் எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். பெரிய ஆபீஸில் பத்து ஜூனியர்களோடு பதினொன்றாவது ஆளாகப் போய் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு, வாய்தா தேதியை டைரியில் எழுதிக்கொண்டு, காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்த்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டியவர்கள் உண்டு. சாட்சி விசாரணை அதிகம் நடக்கிற ஆபீஸா, எழுதியதைத் திருத்திக் கொடுக்கிறவரா, சின்ன வழக்கையாவது நம்மை நடத்த விடுகிறவரா என்று பாருங்கள். அவருடைய குமாஸ்தாவிடம் நல்ல பெயர் எடுங்கள். மனு ஏன் ரிட்டர்ன் ஆகிறது, நகல் மனு எந்த மேஜையில் நிற்கிறது என்பதெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பத்தாவது வரை படித்த ஒரு குமாஸ்தாதான்.

என் முதல் நாள் ஒரு சனிக்கிழமை, ஈடு செய்யும் வேலை நாள். "சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார், ஒரு வாய்தா வேண்டும்" என்று சொல்லச் சொல்லி அனுப்பினார்கள், அப்படியே மனப்பாடமாகச் சொன்னேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்த ஹைகோர்ட்டும்மா சனிக்கிழமை நடக்குது?" என்றார். கோர்ட்டே சிரித்தது. வாய்தா மட்டும் கிடைத்தது.

சரி, பதிவுக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் சட்டப்படி மொத்தம் 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி என்றால் 125. பல மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லிவிட்டது. பதிவு மட்டும் போதாது, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். நூறு கேள்வி, தமிழிலும் எழுதலாம், குறிப்பு எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். 45 மதிப்பெண் போதும், எஸ்சி, எஸ்டிக்கு 40. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், அண்ணன் படித்த பழைய புத்தகத்தோடு போய் உட்காராதீர்கள்.

எனக்கு ஜட்ஜ் ஆக வேண்டும். படித்து முடித்த உடனே பரீட்சை எழுத முடியாதாமே?
மாணவி, நாகர்கோவில்

ஆமாம். சிவில் நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பார் தேர்வில் தேறும் முன் கிடைக்கிற தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த மூன்று வருடம் கணக்காகும். பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் சான்று கொடுக்க வேண்டும், அதை நீதிமன்றத்தில் ஒப்புதல் செய்ய வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இது கஷ்டம் என்று எனக்கே தோன்றியது, வீட்டில் மூன்று வருடம் காத்திருக்க விடுவார்களா, மாப்பிள்ளை பார்ப்பார்களா என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் நடக்கும். ஆனாலும் தீர்ப்பு நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு குறுக்கு விசாரணைகூட நேரில் பார்க்காதவர் மேடையில் உட்கார்ந்தால், எதிரில் நிற்கிற பழைய வக்கீல்கள் அவரை ஆட்டி வைப்பார்கள்.

டிஎன்பிஎஸ்சி நடத்தும் இந்தத் தேர்வின் முதன்மைத் தாள்களில் மொழிபெயர்ப்பும் ஒன்று, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும். ஒட்டன்சத்திரம் தம்பியும் இதைக் கவனிக்கட்டும். அரசு உதவி வழக்கறிஞர் வேலையும் டிஎன்பிஎஸ்சி வழிதான், அதற்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள்.

பொய் சொல்லாமல் வக்கீல் தொழில் செய்ய முடியுமா?
வாசகர், மன்னார்குடி

முடியும். பொய்யைக் கட்சிக்காரர்கள் தயாராகவே கொண்டுவருகிறார்கள், நமக்கு அதைக் கண்டுபிடிக்கிற வேலைதான் அதிகம்.

சட்டம் பிடிக்கும், ஆனால் கோர்ட்டில் எழுந்து நின்று பேச வராது. வேறு என்ன வேலை இருக்கிறது?
மாணவி, ஈரோடு

நிறைய இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளில் சட்ட அதிகாரி வேலைக்குத் தேர்வு நடக்கிறது. ராணுவத்தின் சட்டப் பிரிவுக்கு 55 சதவீதத்தோடு எல்எல்.பி.யும் முதுகலைக்கான கிளாட் மதிப்பெண்ணும் வேண்டும், வயது 27-க்குள். பாடம் நடத்தப் பிடித்தால் முதுகலையான எல்எல்.எம்., அப்புறம் கல்லூரி ஆசிரியருக்கான நெட் தகுதித் தேர்வு. அறிவியல் பட்டம் வைத்திருந்து காப்புரிமை முகவர் தேர்வும் எழுதினால் அது ஒரு தனி உலகம், காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு பிராக்டீஸ் பண்ண முடியாது, பதிவை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஆனால் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு வேலையை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன், பத்திரம் பார்க்கிற வேலை. வீட்டுக் கடன் கொடுக்கும் முன் வங்கிகள் சொத்தின் பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் கேட்கும். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கிராம நிலக் கணக்கான அ-பதிவேடு, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சொத்து எப்படி வந்தது என்று கோர்த்துக்கொண்டே வர வேண்டும். 1987-ல் ஒரு அக்கா, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டிருப்பார், சர்வே எண்ணில் உட்பிரிவு மாறியிருக்கும், பொது அதிகாரம் கொடுத்தவர் கிரயத்துக்கு ஒரு மாதம் முன்பே இறந்திருப்பார். ஒரு வகையில் துப்பறியும் கதைதான். வாய் பேச வேண்டாம், கண் இருந்தால் போதும். வங்கிகள் தங்கள் பேனலில், அதாவது வக்கீல் பட்டியலில், சேர்க்கச் சில வருட அனுபவம் பார்ப்பார்கள், அதுவரை பேனலில் இருக்கிற ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பழகலாம். நான் பார்த்தவரை ஊர்ப்பக்கத்தில் மாதா மாதம் நிலையாகப் பணம் வருகிற வேலை இதுதான்.

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வயதில் எல்எல்.பி. படித்தால் சிரிப்பார்களா?
வாசகர், திருவாரூர் மாவட்டம்

முதல் வாரம் வகுப்பில் வாத்தியார் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். பட்டம் இருந்தால் மூன்று வருடப் படிப்பில் சேருங்கள் ஐயா. 45 வயதுக்கு மேல் வக்கீலாகப் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள், 1995-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஈரோட்டுப் பெண்ணுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். அ-பதிவேட்டையும் அடங்கலையும் முப்பது வருடம் எழுதியவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

சட்டம் எனக்கு ஒத்துவருமா என்று சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?
பிளஸ் டூ மாணவர், அருப்புக்கோட்டை

இருக்கிறது, செலவும் இல்லை. குடும்ப வழக்கு, போக்சோ மாதிரி சிலவற்றைத் தவிர நீதிமன்றங்கள் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கின்றன, யாரும் போய்ப் பார்க்கலாம். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, காலை 10.30-க்கு முன்பே உங்கள் ஊர் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் பெயர் கூப்பிடுவதும் வாய்தா போடுவதுமாக இருக்கும், அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். அதன் பிறகுதான் சாட்சி கூண்டில் ஏறுவார். ஒரு நாள் போதாது, நாலைந்து நாள் போங்கள். மதியம் கோர்ட் கேன்டீனில் டீ குடித்தால் அங்கே இருக்கிற ஜூனியர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள், டீக்கு நீங்களே காசு கொடுத்துவிடுங்கள்.